களையா, பயிரா?

இரண்டாம் ஆண்டு இளமறிவியல் (கணிப்பொறியியல்) மாணவி, தலத்தெரு

களை எடுக்கத் தெரியாதவர் கையில் வயலைக் கொடுத்தால் அறுவடைக்கு என்ன மிஞ்சும்? காவிரிக் கடைமடையில் பிறந்து வளர்ந்த நமக்கு இதற்கு விடை சொல்ல ஆசிரியர் தேவையில்லை. நெற்பயிரின் நடுவே முளைக்கும் குதிரைவாலிப் புல் இளம்பருவத்தில் நெல்லைப் போலவே நிற்கும். வரப்பில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். வயலில் இறங்கிக் குனிந்து பார்ப்பவருக்கே வேறுபாடு தெரியும்.

என் அப்பாயி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பிறர் வயலில் நாற்று நட்டவர், களை பறித்தவர். இலையும் தண்டும் சேரும் இடத்தில் நெல்லுக்கு மெல்லிய நாக்குப் போன்ற சவ்வு ஒன்று உண்டு, குதிரைவாலிக்கு அது கிடையாது என்று நம் தாவரவியல் துறைத் தோழி ஒருத்தி எனக்கு விளக்கினாள். எழுதப் படிக்கத் தெரியாத அப்பாயிக்கு இதை எவரும் விளக்கியதில்லை. ஆனால் அவருடைய விரல்கள் அதை அறியும். அவர் களை பறித்த வயலில் ஒரு பயிர்கூடத் தவறிப் பிடுங்கப்பட்டதில்லை என்று தலத்தெருவில் இன்றும் சொல்வார்கள்.

அப்படிப்பட்டவரையே ஒரு நாள் களை என்று எண்ணிப் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு அது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா மூட்டை தூக்குகிறவர். அவருடைய கூலி அடுப்புக்கும், அப்பாயியின் முதியோர் உதவித்தொகை என் நோட்டுக்கும் புத்தகத்துக்கும் என்று வீட்டில் எழுதாத ஓர் ஒப்பந்தம் இருந்தது. திடீரென மூன்று மாதமாக அந்தத் தொகை வரவில்லை. அப்பாயியை அழைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த ஊழியர் பெயரைத் தட்டிப் பார்த்தார். எண்ணைத் தட்டிப் பார்த்தார். "அப்படி ஒரு ஆளே இல்லையேம்மா" என்றார். அந்த ஆள் அவருக்கு எதிரே, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

மூன்றாவது முறை போனபோது, ஓய்வு பெறும் வயதை நெருங்கிய எழுத்தர் ஒருவர் மனமிரங்கி, அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு கட்டை இறக்கித் தூசி தட்டினார். அதற்குள் அப்பாயியின் விண்ணப்பம் இருந்தது, புகைப்படம் இருந்தது, கைநாட்டு இருந்தது. "காகிதத்துல இருக்கீங்க பாட்டி, கம்ப்யூட்டர்லதான் இல்ல" என்றார் அவர்.

நடந்தது பிறகுதான் விளங்கியது. இறந்தவர்களின் பட்டியல் ஒன்று வந்திருக்கிறது. அதில் உள்ள பெயர்களைப் பயனாளிகளின் பெயர்களோடு பொருத்திப் பார்த்து, பொருந்தியவற்றையெல்லாம் கணிப்பொறி ஒரே இரவில் நீக்கியிருக்கிறது. அடுத்த தெருவில் அதே பெயருடைய மூதாட்டி ஒருவர் காலமாகியிருந்தார். கணவர் பெயரின் முதலெழுத்தும் ஒன்றே. அப்பாயியின் பெயர் எங்கள் ஊர் அம்மையாரின் இயற்பெயர். காரைக்காலில் அந்தப் பெயருக்கா பஞ்சம்? மேலும், 1954 நவம்பர் 1 வரை இது பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர். அப்பாயியின் பிறப்புப் பதிவில் பெயர் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. ஆதாரில் வேறு மாதிரி. வங்கிப் புத்தகத்தில் இன்னொரு மாதிரி. இந்த நிலையில் பெயரை மட்டும் நம்பி ஆளை நீக்குவது, வரப்பில் நின்றபடி களை எடுப்பதுதான்.

"அவ செத்ததுக்கு நான் எப்படி பாப்பா செத்தேன்?" என்று கேட்டார் அப்பாயி. உயிரோடிருப்பதற்குச் சான்றிதழ் வாங்கி, மீண்டும் பட்டியலில் ஏறுவதற்கு ஏழு மாதம் ஆயிற்று.

நண்பர்களே! இதை ஒரு வீட்டுத் துயரமாகச் சொல்லி உங்கள் இரக்கத்தைப் பெறுவது என் நோக்கமன்று. இதற்குள் நாம் அறிந்துகொள்ள வேண்டிய ஓர் உண்மை இருக்கிறது. அன்று கட்டுக்குள் இருந்த விண்ணப்பத்தை எவரும் கிழிக்கவில்லை. அழிந்தது தேடும் வழி மட்டுமே.

நம் நூலகத்தில் பெரிய ஆராய்ச்சி நூல்களைப் புரட்டியிருப்பீர்கள். கடைசிப் பக்கங்களில் சொல்லடைவு இருக்கும்: இந்தச் சொல் இன்னின்ன பக்கங்களில் வருகிறது என்ற பட்டியல். கணிப்பொறியின் தேடல் அட்டவணையும் அதேதான். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அது இடம்பெறும் ஆவணங்களின் எண்களைக் குறித்து வைத்திருக்கும். நாம் ஒரு சொல்லைத் தட்டினால் இலட்சக்கணக்கான ஆவணங்களை அது படிப்பதில்லை. அட்டவணையைப் பார்த்து நொடியில் விடை சொல்கிறது. ஆகவே ஆவணம் பத்திரமாக இருந்தாலும் அட்டவணையில் அதன் எண் இல்லையென்றால், தேடுகிறவருக்கு அது இல்லாததே. அச்சிட்ட நூலிலாவது பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்க்கலாம். இலட்சம் கோப்புகளை யார் புரட்டுவார்கள்? மேல்தட்டிலிருந்து கட்டை இறக்குகிற எழுத்தர் எல்லா அலுவலகத்திலும் இருப்பாரா?

இனி, நீக்கும் முறையைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் ஒர்க்ஃப்ளோ என்பதை இங்கே வேலைத்தொடர் என்று குறிப்பிடுகிறேன். "இரவு இரண்டு மணிக்கு எழுந்திரு, பட்டியலை எடு, அதில் உள்ள ஒவ்வொன்றையும் அட்டவணையிலிருந்து நீக்கு, முடிந்ததும் எனக்குச் செய்தி அனுப்பு" என்று ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் போதும். அதன்பின் மனிதர் எவரும் விழித்திருக்க வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்டின் அஷூர் தேடல் சேவையில் ஒரே கட்டளையில் 1,000 ஆவணங்கள் வரை நீக்கலாம். அந்தக் கட்டளையைச் சுற்றி ஒரு சுழற்சியை எழுதினால் இலட்சமும் போகும். அங்கே இன்னொரு வேடிக்கையும் உண்டு. இல்லாத எண் ஒன்றைக் கொடுத்து நீக்கச் சொன்னாலும் "வெற்றி" என்றே விடை வரும். வெற்றி என்ற செய்தி, சரியானது நீங்கியது என்பதற்குச் சான்றாகாது.

நீக்குவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, அடையாள எண்ணைச் சொல்லி நீக்குவது. மற்றொன்று, நிபந்தனையைச் சொல்லி நீக்குவது: "இன்ன சொல் உள்ளவை எல்லாம் போகட்டும்" என்பது. முன்னது, குனிந்து ஒவ்வொரு புல்லாகப் பார்த்துப் பறிப்பது. பின்னது, அரிவாளை வீசுவது.

இந்த இடத்தில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். சென்ற பருவத்தில் ஒரு செய்முறைப் பயிற்சிக்காக 412 நூல்களின் விவரங்களை எலாஸ்டிக்சர்ச் என்னும் மென்பொருளில் ஏற்றியிருந்தேன். சில நூல்களின் குறிப்பில் "பழைய பதிப்பு" என்று இருந்தது. அவற்றை நீக்க எண்ணி, அந்த இரண்டு சொற்களையே நிபந்தனையாகக் கொடுத்து ஒரு வேலைத்தொடரை ஓடவிட்டேன். தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் 37 நூல்களே மிச்சம்! காரணம் என்ன? நாம் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், அந்த மென்பொருள் இரண்டு சொற்களில் எது இருந்தாலும் பொருந்துவதாகக் கொள்ளும். "முதற் பதிப்பு", "மூன்றாம் பதிப்பு", "மலிவுப் பதிப்பு" எல்லாம் "பதிப்பு" என்ற சொல்லால் மாட்டிக்கொண்டன. நடுவில் நிறுத்தியிருந்தாலும் பயனில்லை. நிறுத்தினால் எஞ்சியவை தப்பும். அதுவரை போனவை திரும்பா. முன்னதாக எடுத்துவைத்த நகல் இருந்தால் மட்டுமே மீட்கலாம். நான் நகல் எடுத்து வைக்கவில்லை. 375 நூல்களின் விவரங்களை மீண்டும் தட்டச்சுச் செய்து ஏற்றினேன்.

அந்த இரவில் என்னை உறுத்தியது வேலை மிகுதி அன்று. அப்பாயியை நீக்கிய அந்த முகம் தெரியாத மனிதரை ஓராண்டாக மனத்துக்குள் ஏசிக்கொண்டிருந்தேன். அவருக்கு என்மீதோ அப்பாயிமீதோ பகை இருந்ததா? இல்லை. நான் செய்ததையே அவரும் செய்தார். நூல்களுக்குப் பதில் அவர் அட்டவணையில் மனிதர்கள் இருந்தார்கள், வேறுபாடு அவ்வளவே.

அப்படியானால் நீக்கவே கூடாதா என்று கேட்பீர்கள். அதுவும் சரியன்று. களை எடுக்காத வயலும் பாழ்தான். இறந்தவர் பெயரில் பணம் போய்க்கொண்டிருப்பது ஏழைக்குச் செய்யும் துரோகம். நீக்கப்படுவதையே நீதியாக வேண்டி நிற்பவர்களும் உண்டு. குற்ற வழக்கொன்றில் விடுதலையான ஒருவர், தன் பெயரைத் தேடினால் இன்னும் அந்தத் தீர்ப்புத்தான் முதலில் வருகிறது, வாழ வழியில்லை என்று சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். 2021-இல் தனி நீதிபதி அவர் கோரிக்கையை ஏற்கவில்லை. 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அவர் பக்கம் தீர்ப்பளித்து, இந்தியன் கானூன் என்ற இணையதளம் அத்தீர்ப்பை எடுத்துவிட வேண்டும் என்றது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. ஐரோப்பாவில் 2014 மே 13 அன்று, ஸ்பெயின் நாட்டவர் ஒருவர் கூகுள் நிறுவனத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், அவர் பெயருக்குரிய தேடல் விடைகளிலிருந்து பழைய செய்தியை நீக்கக் கோரும் உரிமை உண்டு என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கவனியுங்கள். ஒரே ஓர் ஆவணத்தைத் தேடலிலிருந்து எடுப்பதா வேண்டாமா என்று இத்தனை நீதிபதிகள் ஆண்டுக் கணக்கில் எண்ணிப் பார்க்கிறார்கள். ஒரு பக்கம் தனிமனிதரின் மானம், மறு பக்கம் பொதுமக்களின் அறியும் உரிமை என்று தராசில் நிறுத்துகிறார்கள். ஆனால் ஏழைகளின் பட்டியலிலிருந்து ஆயிரம் பெயர்களை எடுப்பதற்கு இரவு இரண்டு மணிக்கு ஒரு வேலைத்தொடர் போதும் என்றால், இது என்ன நியாயம்?

எங்கள் வீட்டில் நடந்தது சிறிய நிகழ்ச்சி. தெலங்கானாவில் நடந்தது பெரியது. அங்கே சமக்ர வேதிகா என்ற கணிப்பொறி அமைப்பு, வெவ்வேறு துறைகளின் பதிவுகளைப் பெயர், முகவரி முதலியவற்றால் ஒன்றோடொன்று பொருத்தி, இவர் இன்னார், இவருக்கு இன்னின்ன சொத்து உண்டு என்று கணித்துச் சொல்கிறது. இத்தகைய கணிப்பொறிச் சலிப்பில் ஏறத்தாழ 19 இலட்சம் ரேஷன் அட்டைகள் நீக்கப்பட்டன என்று வழக்குத் தொடரப்பட்டது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், 2016 முதல் அவ்வாறு நீக்கப்பட்ட அட்டைகளை நேரில் சென்று சரிபார்க்க வேண்டும் என்று உத்தரவிட்டது. இதில் வருந்தத்தக்கது யாதெனில், நேரில் பார்ப்பது நீக்கிய பிறகு வந்தது. முன்னே வந்திருக்க வேண்டியது அல்லவா?

இன்னோர் எடுத்துக்காட்டு. பீகாரில் 2025 ஆகஸ்ட் 1 அன்று வெளியான வரைவு வாக்காளர் பட்டியலில் ஏறத்தாழ 65 இலட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. அதே பணி அந்த ஆண்டு நவம்பரில் தமிழ்நாட்டிலும் நம் புதுச்சேரியிலும் தொடங்கியது. டிசம்பர் 19 அன்று வெளியான தமிழ்நாட்டு வரைவுப் பட்டியலில் 97 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் விடுபட்டிருந்தன. அங்கே வீடு வீடாகப் படிவம் வழங்கப்பட்டது. முழுக்கக் கணிப்பொறி செய்த வேலையன்று அது. அந்தப் பணி தேவையா இல்லையா என்ற அரசியல் வாதத்துக்குள்ளும் நான் நுழையவில்லை. என் கவனத்தைக் கவர்ந்தது 2025 ஆகஸ்ட் 14 அன்று பீகார் குறித்து உச்ச நீதிமன்றம் இட்ட இடைக்கால உத்தரவு. விடுபட்ட 65 இலட்சம் பெயர்களையும் காரணத்தோடு வெளியிட வேண்டும். அடையாள அட்டை எண்ணைக் கொண்டு எவரும் அதில் தேடிப் பார்க்க இயல வேண்டும். ஊர் அலுவலகங்களிலும் ஒட்ட வேண்டும் என்றது நீதிமன்றம்.

என் கருத்தில், பெருந்தொகை நீக்கத்துக்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் இல்லை. நீக்கப்பட்டவற்றையும் தேடக் கிடைக்கச் செய்! இருக்கும் பட்டியலில் மட்டும் தேடினால் "இல்லை" என்ற ஒரு சொல்தான் விடை. நீக்கப்பட்டவர் பட்டியலிலும் தேட முடிந்தால், "இருந்தார், இன்ன நாளில் இன்ன காரணத்துக்காக எடுக்கப்பட்டார்" என்ற விடை கிடைக்கும். முதல் விடையோடு வாதாட முடியாது. இரண்டாவதோடு வாதாடலாம். "நான் சாகவில்லை" என்று சொல்வதற்கு, "நீ செத்துவிட்டாய்" என்று முதலில் யாராவது எழுத்தில் சொல்லியிருக்க வேண்டுமே!

ஆகவே நான் வேண்டுவன நான்கு.

முதலாவது, மனிதரைப் பற்றிய பதிவை அடையாள எண்ணைக் கொண்டே நீக்க வேண்டும். பெயர்ப் பொருத்தத்தைக் கொண்டு நீக்கக் கூடாது. பெயர் பொருந்தினால் அது ஐயம் மட்டுமே. ஐயத்தைத் தீர்க்க ஒருவர் அந்தத் தெருவுக்குப் போக வேண்டும்.

இரண்டாவது, நீக்குவதற்கு முன் எண்ணிப் பார்க்க வேண்டும். இத்தனை போகும் என்று கணிப்பொறி முதலில் சொல்லட்டும்; மாதிரிக்குச் சிலவற்றை மனிதர் ஒருவர் படித்துப் பார்த்துக் கையொப்பமிடட்டும். அதன்பின் ஓடட்டும் வேலைத்தொடர். 412-இல் 375 போகும் என்று முன்னமே பார்த்திருந்தால் நான் தேநீர் குடிக்கப் போயிருப்பேனா?

மூன்றாவது, முன்னறிவிப்பு. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2025 நவம்பரில் விதிகள் வெளியாகியுள்ளன. குறைந்தது 2 கோடிப் பயனர்களைக் கொண்ட இணைய வணிக நிறுவனமும் சமூக ஊடக நிறுவனமும், மூன்றாண்டு தொடர்பில்லாத பயனரின் விவரங்களை அழிக்க வேண்டும். அழிப்பதற்கு 48 மணி நேரத்துக்கு முன்பாவது அவருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது அதில் ஒரு விதி. இது நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. இணையத்தில் சட்டை வாங்கியவருக்கு 48 மணி நேர அறிவிப்பு உண்டு என்றால், மாதந்தோறும் உதவித்தொகையை நம்பி வாழும் மூதாட்டிக்கு 48 நாள் அறிவிப்பாவது வேண்டாமா? அதுவும் கைப்பேசிச் செய்தியாக அன்று. படித்துக் காட்ட ஓர் ஆளோடு.

நான்காவது, திரும்பும் வழி. தேடல் மென்பொருள்கள் பலவற்றுக்கு அடிப்படையான லூசீன் என்னும் நிரல்தொகுப்பு, அழி என்றதும் ஆவணத்தை உடனே அழிப்பதில்லை. "அழிந்தது" என்று குறியிட்டுத் தேடல் விடைகளிலிருந்து மறைத்து வைத்து, பின்னொரு சமயம் துண்டுகளை இணைக்கும்போதுதான் ஒழித்துக்கட்டுகிறது. வேகத்துக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. நமக்காக அன்று, அதை நம்பி இருக்கவும் முடியாது. ஆனால் இயந்திரமே தன் வசதிக்காக ஒத்திப்போடும்போது, நாம் நீதிக்காக ஒத்திப்போடக் கூடாதா? நீக்கியதை ஓராண்டாவது தனியே வைத்திருங்கள். தவறு என்று தெரிந்தால் ஏழு மாதம் வேண்டாம், ஏழு நிமிடத்தில் திருப்பி வைக்கலாம்.

இதற்கெல்லாம் காலமும் ஆளும் வேண்டும். தானியக்கத்தின் பயனே போய்விடும் என்று சிலர் சொல்லக்கூடும். அவர்கள் கணக்கில் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். தவறாக நீக்கப்பட்டவர் நடந்த நடையும், இழந்த கூலியும், நின்ற வரிசையும் எந்தக் கணக்கில் சேரும்? அலுவலகத்துக்கு மிச்சமான நேரத்தை அப்பாயியின் கால்கள் அல்லவா கொடுத்தன?

தோழர்களே, தோழியரே! இன்னும் சில ஆண்டுகளில் நம்மில் பலர் சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு மேசைமுன் அமர்ந்து இப்படிப்பட்ட வேலைத்தொடர்களை எழுதுவோம். நாம் எழுதும் நான்கு வரி எந்தத் தெருவில் யார் அடுப்பை அணைக்கும் என்பது அந்த மேசையிலிருந்து தெரியாது. தெரியாது என்பதை நினைவில் வைத்திருந்தாலே பாதி வேலை முடிந்தது. பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு பணிவான வேண்டுகோள்: செய்முறைத் தேர்வில் "நீக்கு" என்ற கட்டளையைச் சரியாக எழுதினால் மதிப்பெண் தருகிறீர்கள். நீக்கியதை மீட்டுக் காட்டினால்தான் முழு மதிப்பெண் என்று வைத்தால் என்ன?

இந்தக் கட்டுரையை அப்பாயிக்குப் படித்துக் காட்டினேன். எலாஸ்டிக்சர்ச்சும் லூசீனும் வந்த இடங்களில் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டு முடித்து, "களையா பயிரான்னு சந்தேகமா இருந்தா பிடுங்கக் கூடாது பாப்பா. ரெண்டாங் களைக்கு விட்டு வை. அதுக்குள்ள அது தன்னால தெரிஞ்சிடும்" என்றார்.

நான் நான்கு பத்தியில் சொன்னதை அவர் நாலு சொல்லில் சொல்லிவிட்டார். எழுதத் தெரிந்தவள் நான் என்பதால் எழுதி வைக்கிறேன்.